சாகாதவர்களுக்குப் பீடம் இல்லை

கும்யொங் என்ன ஆனாள்? 'டே ஜாங் கும்' என்ற கொரியத் தொடரைப் பார்த்து முடித்த என் மாணவிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 2003லும் 2004லும் கொரியாவில் ஒளிபரப்பாகி, தூர்தர்ஷனில் இந்தியிலும் வந்து, இன்று கைப்பேசித் திரையில் பார்க்கக் கிடைக்கும் 54 பகுதிக் கதை. சமையற்கட்டில் வளர்ந்து, பழி சுமத்தப்பட்டு, வைத்தியம் கற்று, அரசனுக்கே வைத்தியம் பார்க்கும் நிலைக்கு வந்த ஜாங்கும் என்ற பெண்ணின் கதை. அவளுக்கு எதிரியாக நிறுத்தப்பட்டவள் கும்யொங். சோய் குடும்பத்துப் பெண். அந்த வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அரண்மனைச் சமையற்கட்டின் தலைமைப் பதவியைப் பிடித்துவைத்திருந்தவர்கள். கும்யொங்குக்குக் கை தேர்ந்த சமையல் தெரியும். ஜாங்குமை விரும்பும் ஆண்மீதே இவளுக்கும் ஆசை. அத்தைக்குக் கட்டுப்பட்டுச் சூழ்ச்சி செய்கிறாள். செய்யும்போதெல்லாம் முகம் கறுத்துப்போகிறாள். குடும்பம் கவிழ்ந்ததும் அரண்மனையைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். அதன்பிறகு அவளைக் காட்டுவதே இல்லை.

இன்னொருத்தி யொன்செங், ஜாங்குமின் தோழி. அரசனின் கண்ணில் பட்டு, அந்தப்புரத்துக்குப் போய், ஒரு பிள்ளையும் பெறுகிறாள். பிறகு? வைத்தியக் கூடத்தில் சூழ்ச்சி செய்த யொலி? கேட்டுக்கொண்டே போகலாம். மாணவிகள் இதைத் தொடரின் குறை என்கிறார்கள். 54 பகுதி எடுத்தவர்களுக்கு இன்னொரு பகுதி எடுக்க நேரமில்லையா என்று ஒருத்தி கோபமாகவே கேட்டாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பெண் கதையைவிட்டுப் போனபின் அவளைத் தேடுவது நல்ல வாசிப்பின் அடையாளம் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தத் தேடலை நம் ஊர்ச் சரித்திரக் கதைகளுக்குள் கொண்டுபோனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல் கொரியாக்காரர்களைக் குறை சொல்வது சரியில்லை.

முதலில் அந்தத் தொடர் எதைக் கட்டவிழாமல் முடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜாங்கும் கற்பனைப் பெண் அல்லள். சொசன் அரச வம்சத்தின் நாட்குறிப்புகளில் மன்னர் சுங்ஜொங் காலத்தில் அந்தப் பெயருடைய வைத்தியப் பெண் சில இடங்களில் வருகிறாள். 1515ல் அரசி பிள்ளை பெற்றபின் இறந்துபோனபோது, வைத்தியம் பார்த்தவளைத் தண்டிக்க வேண்டும் என்று அமைச்சர்கள் சொன்ன இடத்தில் ஒருமுறை. 1544ல் சாகக் கிடந்த அரசன், என் நோய் அந்த வைத்தியப் பெண்ணுக்குத் தெரியும் என்று சொன்ன இடத்தில் கடைசியாக. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய முப்பது வருஷம். அதற்கு முன்னும் பின்னும் அவளைப் பற்றி ஒன்றுமில்லை. எந்த ஊர்க்காரி, யார் பெற்ற பிள்ளை, எப்போது செத்தாள், எதுவும் இல்லை. அரசனின் வயிற்றுக் கோளாறைக்கூடத் தேதிபோட்டு எழுதிய ஆண்கள், அதைக் குணப்படுத்தியவளின் சாவை எழுதவில்லை. தொடர் அந்த ஓட்டையை நிரப்புகிறது. கடைசிப் பகுதியில் அவள் செத்துப்போவதில்லை. அரண்மனைக்கு வெளியே மகளோடும் கணவனோடும் இருக்கிறாள். பேறு முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்து இருவரையும் பிழைக்கவைக்கிறாள். சரித்திரம் விட்டுவிட்ட இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணை வைத்து முடிக்கிறார்கள்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது கதையின் நடுப்பகுதி. ராஜதுரோகப் பழி விழுந்ததும் ஜாங்குமை ஜேஜு தீவுக்கு அரசாங்க அடிமையாக அனுப்புகிறார்கள். கூட அனுப்பப்பட்ட குரு ஹான் வழியிலேயே அவள் முதுகில் சாய்ந்தபடி உயிர்விடுகிறார். சொசன் காலத்தில் இது நடப்புதான்: துரோகி என்று தீர்க்கப்பட்டவனின் வீட்டுப் பெண்களை அடிமைகளாக அரசு அலுவலகங்களுக்குப் பிரித்துக்கொடுப்பார்கள். 1406ல் பெண் வைத்தியர்களைப் பழக்கத் தொடங்கியபோது, அரசுக்குச் சொந்தமான அடிமைச் சிறுமிகளிலிருந்தே ஆளெடுத்தார்கள். மேல்குடிப் பெண்களை ஆண் வைத்தியர் தொடக்கூடாது; தொடுவதற்கு ஒரு தாழ்ந்த கை வேண்டியிருந்தது. தொடரில் கேமரா ஜாங்குமோடு கப்பலேறித் தீவுக்குப் போகிறது. அங்கே அவளுக்கு வைத்தியம் கற்றுக்கொடுப்பவளும் ஒரு பெண். தண்டனைக்கு அனுப்பப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடத்தில் வாழ்க்கை இருந்தது, வேலை இருந்தது, கற்றுத்தர ஆள் இருந்தது என்பதைப் பல பகுதிகள் செலவிட்டுக் காட்டுகிறார்கள்.

இனி நம் கரைக்கு வருவோம்.

வேணாட்டு அரசர் ராமவர்மா 1729ல் இறந்தார். மருமக்கள்வழி முறைப்படி பட்டம் சகோதரி மகனான மார்த்தாண்ட வர்மாவுக்குப் போனது. ராமவர்மாவின் மக்கள் பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் அதை ஏற்கவில்லை. மதுரையிலிருந்து அழகப்ப முதலியார் படையோடு வந்ததும், விசாரித்ததும், அது தம்பிமாருக்குச் சாதகமாக முடியாததும் திருவிதாங்கூர் வரலாறுகளில் இருக்கிறது. பிறகு தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குத் துணைநின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமார் தூக்கிலேறினார்கள். இந்தப் பகுதியில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டுவந்த 'தம்பிமார் கதை' இதைக் கொன்றவர் பக்கம் நின்று பாடவில்லை, கொல்லப்பட்டவர்கள் பக்கம் நின்று பாடுகிறது. அரசாங்க வரலாற்றுக்கு மக்கள் சொன்ன மறுப்பு என்று ஆய்வாளர்கள் இதைக் கொண்டாடுவதுண்டு. நியாயமான கொண்டாட்டம்தான்.

ஆனால் அந்த மறுப்புக்குள் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? தம்பிமாருக்கு ஒரு தங்கை, உம்மிணித்தங்கை. கதைப்பாடல் மரபில் பகையே அவளிலிருந்துதான் தொடங்குகிறது: அரசர் அவளைப் பெண் கேட்டார், அது கூடிவரவில்லை. அண்ணன்மார் வெட்டுப்பட்டபின் அவள் தன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு உயிர்விட்டாள். மூன்று ஆண்களுக்கு நடுவே பேசப்பட்ட ஒரு சம்பந்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று நமக்குத் தெரியாது. அவள் செய்ததாக மரபு நினைவில் வைத்திருக்கும் ஒரே செயல், பேசும் உறுப்பை அழித்துக்கொண்டது. இதை யார் யோசித்துக் கட்டினார்களோ, கதைக்கு அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அண்ணன்மாரின் சாவுக்கு ஓர் அலங்காரமாக அவள் சாவு நிற்கிறது.

உம்மிணித்தங்கைக்காவது ஒரு முடிவு உண்டு. எட்டுவீட்டுப் பெண்களுக்கு அதுவும் இல்லை. பிள்ளைமார் வீடுகளை இடித்து, குளம்தோண்டி, பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். 'துறையேற்றம்' என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. 1878ல் வந்த சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாற்றிலும் பெண்களும் பிள்ளைகளும் மீனவருக்கு விற்கப்பட்ட செய்தி இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் அவர்களைக் காணோம். எத்தனை பேர், எந்தத் துறைக்குப் போனார்கள், எத்தனை நாள் உயிரோடிருந்தார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் யார், ஒன்றும் எழுதவில்லை. 1891ல் சி.வி. ராமன் பிள்ளை இதே காலத்தை வைத்து மலையாளத்தில் 'மார்த்தாண்டவர்மா' நாவலை எழுதினார். அதில் சுபத்ரா என்று ஓர் அருமையான பெண் வருகிறாள், இளவரசரைக் காப்பாற்றுகிறாள், கடைசியில் சொந்த மாமன் கையாலேயே வெட்டுண்டு சாகிறாள். நாவலாசிரியருக்கும் செத்த பெண்தான் சுலபம்.

துறையேற்றத்தை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் முன்வரிசைப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஐயோ, அந்தப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒருமுறை பின்வரிசையிலிருந்து குளச்சல் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "மிஸ், எங்க கரைக்கு அனுப்புனதுதான் தண்டனையா? அப்போ நாங்க யாரு?" என்று கேட்டாள். வகுப்பு அடங்கிப்போனது. இரண்டு நூற்றாண்டாக இந்தக் கதையைச் சொன்னவர்கள், எழுதியவர்கள், பாடியவர்கள், எதிர்த்துப் பாடியவர்கள் எல்லாருமே கடற்கரையைக் கதையின் கடைசிப் பக்கமாக வைத்திருக்கிறார்கள். அங்கே போனவள் செத்தவளுக்குச் சமம். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கரையில் அன்றும் பெண்கள் இருந்தார்கள்; வலை காயவைத்தார்கள், கருவாடு போட்டார்கள், மீன்கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்தார்கள். சாதியில் உயர்ந்த ஒரு வீட்டுப் பெண்ணை அடிமையாகக் கொண்டுவந்து தங்கள் குடிசை வாசலில் விட்டபோது அவர்கள் என்ன நினைத்தார்கள்? பயந்தார்களா, இரக்கப்பட்டார்களா, கேலிசெய்தார்களா? எட்டுவீட்டுப் பெண் அவர்கள் கையால் சோறு வாங்கித் தின்றாளா, எத்தனை நாள் பட்டினி கிடந்தபின் தின்றாள்? பெண்ணுக்கு இழைத்த கொடுமை என்று நாம் வருந்தும் வாக்கியத்துக்குள்ளேயே இன்னொரு பெண்ணின் வீட்டை நரகமாக்கிவிடுகிறோம். அந்த மாணவி கேட்டபிறகு நான் துறையேற்றத்தை வேறுமாதிரிதான் நடத்துகிறேன்.

வில்லுப்பாட்டுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. கொடைவிழாவில் வில்லும் குடமும் உடுக்கையும் சேர்ந்து முழங்கப் பாடப்படும் கதைகளில் பாதிக்குமேல் அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள். வெட்டுப்பட்டவர் கயிலாயம் போவார், சிவனிடம் வரம் வாங்குவார், திரும்பிவந்து கொன்றவனைப் பழிதீர்ப்பார், பிறகு ஊரார் பீடம்போட்டுப் பூசைகொடுப்பார்கள். சாவோடு கதை முடியாது என்பது இந்த மரபின் பெருமை. கதை பாடப்படும் ஒவ்வொரு கொடையிலும் செத்தவர் யார்மீதாவது இறங்கிவந்து பேசுவார். சுபத்ராவுக்கும் உம்மிணித்தங்கைக்கும் அச்சு நூல்கள் தராத ஒன்று இது.

நீலியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டை அவள் இடமாகச் சொல்லும் மரபு உண்டு. வில்லுப்பாட்டில் அவள் முற்பிறப்பில் தாசிகுலப் பெண். நகைக்காக ஒரு கோயில் அர்ச்சகன் கள்ளிக்காட்டில் வைத்து அவளைக் கொல்கிறான். அடுத்த பிறப்பில் அவன் செட்டியாக வரும்போது, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று பழையனூர் வேளாளர் சபையிலே வழக்காடி ஜெயிக்கிறாள். நம் கதைகளிலேயே ஆண்கள் கூடிய சபையில் பேசி, தன் வழக்கைத் தானே நடத்தி, தன் கதையைத் தானே முடித்துவைத்த பெண் இவள் ஒருத்திதான் என்று தோன்றுகிறது. அவளைப் பேய் என்றே வைத்திருக்கிறோம். அவள் பேச்சை நம்பிப் பிணைநின்ற வேளாளர் எழுபதுபேர் தீப்பாய்ந்ததை அவர்களின் சத்தியத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். பொய்சொன்னாளாம். முற்பிறப்பில் அவன் கொன்றது மட்டும் பொய்யில்லையே.

ஆனால் இந்தக் கணக்கில் பீடம் வாங்க ஒரு நிபந்தனை இருக்கிறது. சாக வேண்டும். நாக்கைப் பிடுங்கியோ, வெட்டுப்பட்டோ, கிணற்றில் விழுந்தோ சாக வேண்டும். எட்டுவீட்டுப் பெண்களில் சாகாமல் கரைக்குப் போய், பட்டினியை விட்டு, சோறுதின்று, பிள்ளைபெற்று, கிழவியாகிச் செத்தவள் யாராவது இருந்தால் அவளுக்கு எந்தப் புலவனும் பாட்டுக் கட்டியிருக்க மாட்டான். இயக்கியாகவும் முடியாமல் குலஸ்திரீயாகவும் முடியாமல் இடையில் வாழ்ந்துவிட்டவள் அவள். 'டே ஜாங் கும்' ஜேஜுவுக்குப் போனதுபோல நம் கதை எதுவும் அவளோடு கரைக்குப் போகவில்லை.

கன்னியாகுமரி அம்மன் கதையில் மட்டும் சற்று வித்தியாசம். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை புறப்பட்டார், வழியிலேயே சேவல் கூவியது, முகூர்த்தம் தப்பியது, சமைத்த சோறும் கறியும் மணலாய்ப்போனது. கல்யாணம் நடக்காத இந்தப் பெண்ணை ஊர் பரிதாபத்துக்குரியவளாக வைக்கவில்லை, மூக்குத்தி ஒளிவிட நிற்கும் தெய்வமாக வைத்திருக்கிறது. அந்தக் கறுப்பும் சிவப்புமான மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் இருப்பதால், மத்திய அரசு நிறுவனம் ஒன்று அதை அள்ளிப் பிரித்தெடுக்கிறது. ஆலை இருக்கும் ஊரின் பெயர் மணவாளக்குறிச்சி! இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கன்னியின் கோயில் தூண்களில்தான் வீரராஜேந்திர சோழன் தன் குல வரிசையை வெட்டிவைத்தான். அப்பன், மகன், பேரன் என்று நீளும் பரம்பரைப் பட்டியல், பரம்பரையே இல்லாதவளின் வீட்டில்.

சோழர் பேச்சு வந்துவிட்டதால் நந்தினியைத் தாண்டிப் போக முடியாது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' கதையில் நந்தினி சதிகாரர்களோடு போய்விடுகிறாள். அதன்பின் என்ன என்று இல்லை. அவள் யார் மகள், வீரபாண்டியனுக்கு அவள் என்ன உறவு என்பதும் நாவல் முழுக்க ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொல்லும்படியாகவே இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் என்பதும் விளக்கணைந்த இருட்டில் நின்றுவிட்டது. வாசகர்கள் விடவில்லை, கல்கி தொடரின் இறுதியில் ஒரு முடிவுரை எழுதி விட்டுப்போன கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில்சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் விக்கிரமன் தொடங்கி எத்தனையோ பேர் தொடர்ச்சி எழுதினார்கள். என்னைக் கேட்டால் நந்தினியை அப்படி விட்டதுதான் கல்கி செய்த நல்ல காரியம். மணிமேகலைக்கு அவர் முடிவு எழுதினாரே, அதைப் பாருங்கள். வந்தியத்தேவனைக் காப்பாற்ற, நான்தான் கொன்றேன் என்று பழியேற்கத் துணிந்த பெண். அவளுக்குச் சித்தம் கலங்கவைத்து, கடைசி அத்தியாயத்தில் அவன் மடியிலேயே சாகவைத்து, தலைப்பிலும் அவளைப் பூவாக்கிவிட்டார். நான் பதின்மூன்று வயதில் படித்தபோது அந்த அத்தியாயத்துக்கு அழுதேன். இப்போது படித்தால், அவள் உயிரோடிருந்தால் வந்தியத்தேவனுக்கு எத்தனை சங்கடம் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. 2023ல் வந்த மணிரத்னத்தின் இரண்டாம் பாகம் கல்கி விட்ட ஓட்டையையும் அடைத்துவிட்டது. நந்தினி நீரில் மூழ்கி மறைகிறாள். படம் முழுக்க எல்லாரையும் ஆட்டிவைத்தவளை உயிரோடு வெளியே விட எவ்வளவு தயக்கம்! மணிமேகலை அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

கல்கிக்கு அடிப்படையான உடையார்குடிக் கல்வெட்டிலும் இதே கதைதான். ராஜராஜனின் ஆரம்ப ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. பறிமுதல் அவர்களோடு நிற்கவில்லை; உறவினர், அவர்கள் வீட்டுப் பெண்டிர், அவர்கள் சகோதரிகளையும் மகள்களையும் மணந்தவர்கள் என்று விரிகிறது. பெண் கொடுத்து எடுத்த வழியெல்லாம் தண்டனை போகிறது. நிலம் எத்தனை வேலி, யார் வாங்கினார்கள், அந்தப் பணம் எந்தத் தர்மத்துக்குப் போனது என்பது வரை கல்லில் இருக்கிறது. ரவிதாசன் வீட்டுப் பெண்கள் எங்கே போனார்கள் என்பது இல்லை. உடையார்குடிக்கும் துறையேற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 750 வருஷம். பெண்கள் காணாமல்போகும் இடம் மாறவேயில்லை.

நாஞ்சில் நாட்டில் ஒருத்தி மட்டும் சாகாமல், பேயாகாமல், தன் கதையைத் தானே சொல்லியிருக்கிறாள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி பேசும் நூல். பேசுபவள் பெண், எழுதியவர் ஆண் என்பதை மறக்கவில்லை. என்றாலும் அவள் பேச்சில் சக்களத்திகள் உண்டு, மாமியார் உண்டு, பசி உண்டு, கடன் உண்டு, கோர்ட்டுச் செலவு உண்டு. தம்பிமார் எந்த முறைக்கு எதிராக வாளெடுத்தார்களோ, அதே மருமக்கள்வழியால் சொத்தில்லாமல்போன பிள்ளைகளின் தாய் அவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளாமல், அதே நாக்கால் புருஷன் வீட்டுச் சங்கதிகளை ஒன்றுவிடாமல் சந்திக்கு இழுக்கிறாள். படித்தவர்கள் சிரித்தார்கள். 1926ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்களுக்கும் மனைவிக்கும் பங்கு கிடைக்க வழிசெய்தது. அதற்கு இந்த நூலும் ஒரு காரணம் என்று ஊரில் சொல்வார்கள். ஐந்தாம் மனைவியின் வழக்கு நூலுக்குள் தீரவில்லை, சட்டசபைக்குப் போய்த் தீர்ந்தது.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனால், தாய்க்கொட்டாரத்தில் அரசர் ஆபத்துக்காலத்தில் தப்பிப்போகச் சாரோடு வரைக்கும் சுரங்கம் உண்டு என்று வழிகாட்டி காட்டுவார். பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள், படமெடுப்பார்கள். போன தடவை குளச்சல்காரியும் வந்திருந்தாள். எட்டுவீட்டுப் பெண்களைக் கரைக்குக் கொண்டுபோன வழி எது என்று வழிகாட்டியிடம் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. பஸ் ஏறினதும் அவள் நோட்டுப்புத்தகத்தை எடுத்து, தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் துறை என்று கரையூர்களின் பெயரை வரிசையாக எழுதத் தொடங்கினாள். பாட்டிகளிடம் விசாரிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.